அந்தச் சொல்லுக்கு நான் சொன்ன பதில்

மொன்றியலின் லாசால் பகுதியில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். கனடாவில் பெப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம். ஒரு பெப்ரவரியில், பிள்ளைகளுக்குக் கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்ல நினைத்தேன். இதே மொன்றியலில் மனிதர்களை அடிமைகளாக வாங்கி விற்றிருக்கிறார்கள் என்பது, இங்கே இருபது வருடம் வாழ்ந்த பிறகு, நூலகத்துப் பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றைப் படித்துத்தான் எனக்கே தெரிந்தது. என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டம், கேட்டால் விளங்கும். ஆகவே அந்த வரலாற்றை என் சொற்களில் கைபேசியில் பதிவு செய்து, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன்.

எங்கள் சரித்திரமே தெரியாத பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று ஒருவர் எழுதினார். நாலைந்து பேர் அதை ஆமோதித்தார்கள்.

அடுத்த வகுப்பில், அந்தப் பதிவை யார் யார் கேட்டீர்கள் என்றேன். மூன்று கைகள் உயர்ந்தன. முன்வரிசைப் பையன் சாதாரணமாகச் சொன்னான்: "அது காப்பிலியளின்ர கதை, கேக்கத் தேவையில்லை எண்டு அப்பா சொன்னவர்."

வகுப்பில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். தாய் யாழ்ப்பாணம், தகப்பன் ஹெயிட்டியிலிருந்து வந்த கறுப்பினத்தவர். அவள் கை உயர்த்தினாள்.

"டீச்சர், காப்பிலி எண்டா என்ன?"

கறுப்பினத்தவரை எங்கள் ஆட்கள் இழிவாகச் சொல்லும் சொல் அது. வந்த புதிதில் மேல்வீட்டுக்காரரைப் பற்றித் தொலைபேசியில் அக்காவிடம் கதைக்கும்போது நானும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"அது ஒரு பழஞ்சொல்லு, பிள்ளை. அதை விடுங்கோ," என்றேன். எல்லாரையும் இலக்கணப் பயிற்சியைத் திறக்கச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. தாய்க்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அவளுக்கு அந்தச் சொல்லு முந்தியே தெரியும், டீச்சர். என்ர தமையன் வீட்டில கேட்டவள். நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு பாக்கத்தான் கேட்டவளாம்."

மன்னிப்புக் கேட்டேன். மகளிடம் சொல்வதாகச் சொன்னார். சொன்னாரோ தெரியாது, பிள்ளை திரும்பி வரவேயில்லை. அந்தப் பையன் இப்போதும் வருகிறான். ஒலிப்பதிவுகள் இனி வேண்டாமே என்று வகுப்பு நிர்வாகம் தயவாகக் கேட்டது. நானும் ஓம் என்றேன். அடுத்த பெப்ரவரி முழுவதும் பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கினேன். பெற்றோருக்கு நல்ல திருப்தி.