பழம் பறித்துக் கழிக்கும் கடன்

எங்கள் தெருவில் வங்கிக் கடன் வாங்கிப் படித்த முதல் பெண்ணுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான். அதில் இன்றும் எனக்குப் பெருமைதான். கடலாடிப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். அவள் என் மாணவி, எதிர்வீட்டு மிளகாய் விவசாயியின் மகள். நர்ஸிங் முடித்து, பாம்பன் பாலத்துக்கு அப்பால் தீவில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தாள். அந்தச் சம்பளத்தில் தவணை கட்டினால் சாப்பாட்டுக்கு மிஞ்சாது. சென்னையில் தனியார் மருத்துவமனைக்குப் போனால் கட்டலாம். அவளுக்குத் தீவை விட மனமில்லை.

பயிர்க்கடன் தள்ளுபடியான மறுவருஷம். விடுமுறையில் வந்திருந்த அவளும் களத்தில் மிளகாய் காயப்போட்டுக் கொண்டிருந்தாள். தெருக்காரர்களோடு நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

"எங்க கடன ரத்து பண்ணுனாக. படிச்ச பிள்ளைக கடனையும் ரத்து பண்ணச் சொல்லி மனுக் கொடுப்போம். மொதக் கையெழுத்து வாத்தியாரய்யா போடட்டும்" என்றார் அவள் அப்பா.

நான் மறுத்தேன். "வெள்ளாமைக்கு மழை பொய்க்கும். படிப்பு பொய்க்குமா? எழுபத்து நாலுல நானும் அரசாங்கக் கடன்லதான் மதுரையில படிச்சேன். தள்ளுபடி பண்ணுங்கன்னு கேட்டனா?"

"கட்டி முடிச்சிட்டீங்களா சார்?" என்றாள் அவள்.

"பைசா பாக்கி இல்ல."

அது உண்மை. ஆனால் நான் ஒரு தவணைகூடக் கட்டியதில்லை. அந்தக் கடனுக்கு ஒரு விதி இருந்தது. படித்தவன் ஆசிரியராகப் போனால், வேலை பார்க்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பங்கு கழியும். பாடம் நடத்தியே என் கடன் முழுதும் கழிந்தது. இனாமாகப் படித்தவன் என்பார்களோ என்று நான் அதை வெளியில் சொன்னதே இல்லை.

அவள் விடவில்லை. "அடுத்தவுக டிராக்டர்ல உழுதா எங்க அய்யா ரூவாயாவா குடுக்காரு? அவுக புஞ்சையில மிளகாப் பழம் பறிச்சுத்தான கழிக்கோம்? என்னையும் ஊசி போட்டுக் கழிக்க விட்டா என்ன?"

"ஏலே, வாத்தியாருக்கே பாடம் நடத்துறா பாரு!" என்று யாரோ கத்த, களமே சிரித்தது. எனக்குக் கிடைத்ததைத்தான் அவள் கேட்டாள். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"பைசா பாக்கி இல்லன்னீங்களே சார்?"

"பாக்கி இல்லதான் தாயி. கட்டல."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்பா சிரிக்கவில்லை. "இத்தன வருசம் எங்க பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தீகளே, அது கணக்கில்லையா? இத ஏன்யா மறச்சீக?" என்றார். நான் ஒளித்து வைத்ததை அந்த மனிதர் பெருமையாகச் சொன்னார்.

ரத்து என்பதை அடித்து, வேலை பார்த்துக் கழிக்க விடுங்கள் என்று மனுவை மாற்றி எழுதி முதல் கையெழுத்து நான் போட்டேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் என் கதையையும் உரக்கவே சொன்னேன். "அந்தத் திட்டம் வேறங்க. வங்கிக் கடனுக்கு அப்படி விதி இல்ல" என்றார் அதிகாரி. மனுவை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும், "ஜாமீன் போட்டவன் நான். பாதித் தவணை என் பென்ஷன்ல போகட்டும்" என்றேன்.

"அதுக்கு நான் யார் புஞ்சையில பழம் பறிக்கணும் சார்?"

"தீவுலயே இரு. வருசா வருசம் கழிஞ்சிரும்."

அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.