இரும்புப் படி

மும்பையில் எங்கள் செம்பூர் வீட்டில் வேலை செய்யும் செல்வி, பின்பக்க இரும்புப் படியில் ஐந்து மாடி ஏறி வந்து கை கழுவியபோது துரு வாசனை எழுந்தது. மாட்டுங்காவில் இன்று இல்லாத ஒரு கட்டடத்தின் வாசனை அது. அங்கே பாத்திரம் தேய்க்க அம்மா தாராவியிலிருந்து போகும்போது சிறுமியான நானும் போவேன். மழையில் நனைந்த சுழல்படியில் அவளுடைய வெறுங்கால்கள் முன்னே ஏற, கைப்பிடியைப் பற்றிய என் உள்ளங்கை சிவந்து, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல், சோற்றிலும் துரு மணக்கும். ஒருநாள் முன்வாசல் பளிங்குப் படியில் கால் வைத்துவிட்டேன். "மனுஷா நடமாடற எடம்டி, பின்னால போ" என்றாள் அந்த வீட்டு மாமி, கோபமே இல்லாமல்.

"லிப்டுல வேலைக்காரவுக ஏறக் கூடாதாம்க்கா. எவன் போட்ட ரூலோ!" என்றாள் செல்வி.

போன மாதம் எங்கள் கட்டடத்து சொசைட்டி மீட்டிங்கில் அந்த ரூலுக்கு எல்லோரும் கை தூக்கியபோது, நானும் இந்தக் கையைத்தான் தூக்கினேன்.