பூசினாற்போல் ஒரு முகம்

என் கணவருக்கு இளைப்பு. சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். குமணன்சாவடி டாக்டர் கொடுக்கும் சின்ன வெள்ளை மாத்திரை உள்ளே போனால்தான் மூச்சு சீராகும். அதன் பேர் எங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் டாக்டரே டப்பாவிலிருந்து எடுத்துப் பொட்டலம் கட்டித் தருவார். என்ன மாத்திரை என்று கேட்டால் அவரைச் சந்தேகப்பட்டது போல் ஆகிவிடும். ஆண்டுக்கணக்கில் விழுங்கினார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வியர்வையும் ஆயிலும் ஊறிய இடுப்பில் படர்தாமரை வந்தது. களிம்புக்கு அடங்காமல் முதுகில் ஏறியது. அம்பத்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம்.

"வேற எதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார்" என்றார் இவர், கையைக் கட்டிக்கொண்டு.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏங்க சொல்லல?"

"இன்னொரு டாக்டராண்ட போறோம்னா இவரு இன்னா நெனைப்பாரு? அவரு இளைப்புக்கு, இவரு தோலுக்கு. சும்மா வா."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். ஒரு டாக்டர் காதில் இன்னொரு டாக்டர் பேச்சு விழக் கூடாது, என்னமோ சக்களத்தி சமாச்சாரம் மாதிரி.

தோல் டாக்டர் எழுதிய மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்க, படர்தாமரை மறைந்தது. கூடவே முகம் உருண்டது. ஒட்டிய கன்னத்தோடு திரிந்த மனுஷன் பூசினாற்போல் ஆனார். தெருவே பூரித்தது. "இன்னா அண்ணாத்தே, மூஞ்சி சும்மா தளதளன்னு கீது! அண்ணி கைப்பக்குவமா?" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். கண் படுமே என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். பூந்தமல்லி ஸ்டுடியோவில் அவரை உட்கார வைத்துப் போட்டோ எடுத்தோம். அன்று நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பிறகு கைகால் சூம்பியது. லேசாக இடித்த இடமெல்லாம் கன்றிப்போனது. பஸ் படி ஏறத் தொடையில் வலு இல்லை. "மாத்திரைச் சூடுதான் இப்டி பண்ணுது" என்று அவராகவே முடிவு கட்டி, இரண்டு மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்தினார். வாந்தி, ஜுரம். சில நாளில் பாயை விட்டு எழ முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். தோல் மாத்திரை அட்டையில் பேர் இருந்தது. வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு என்பதை இவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். அதை ஈரல்தான் சிதைத்து வெளியேற்றுமாம். படர்தாமரை மாத்திரை அந்த வேலையைத் தடுத்துவிடுமாம். மிஞ்சியதெல்லாம் உள்ளேயே தங்க, உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டுவிட்டது. திடீரென்று மாத்திரையும் நின்றதும் உயிரைத் தாங்க ஒன்றும் இல்லை.

"முகம் ஊதினது சதை இல்லம்மா, மருந்து. முன்னாடியே சொல்லியிருந்தா அளவக் குறைச்சிருப்பாங்களே" என்றார்.

ஊசி போட்டார்கள். மறுநாள் மதியம் போய்விட்டார்.

யாரைத் திட்டுவது? இரண்டு டாக்டர்களும் நல்லவர்கள்தான். இந்த மனுஷன் மரியாதை பார்த்தே போய்ச் சேர்ந்தார். எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

மாலை போட வேறு படம் இல்லாததால் ஸ்டுடியோ படத்தையே மாட்டினோம். வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, "நல்லாத்தானே கீறாரு, இன்னா ஆச்சு?" என்கிறார்கள். அவர் போனபோது என் மகள் கைக்குழந்தை. அவளுக்குத் தெரிந்த அப்பா அந்தப் படம்தான். அது உன் அப்பா முகமே இல்லை என்று அவளிடம் நான் இதுவரை சொல்லவில்லை.