கனைப்பு

விஜயஸ்ரீ நாற்காலியிலிருந்து நழுவி மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். இருபத்துநாலு வயது. குரல் மட்டும் ஏழு வயதுக்கு இறங்கியிருந்தது.

“யக்கா, கதவப் பூட்டு.”

“நீ யாருட்டி?” என்றாள் ஆபிதா பீவி.

“குட்டி. விஜயா போயிட்டா.”

ஆபிதா நம்பவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு சிறிய மனநல மருத்துவமனையில் அவள் ஆலோசகர். தொண்ணூற்றாறில் அந்த வேலைக்கு ஊரில் பெயரில்லை. ‘பேசுத டாக்டரம்மா’ என்பார்கள். மேலப்பாளையத்தில் ஜவுளி விற்ற வாப்பாவின் குணம் அவளுக்கு. அழுகிறவரிடம் ஏன் என்று கேட்கமாட்டாள். ஏன் இப்போது என்று பார்ப்பாள். சின்ன வயதில் பட்ட கொடுமையால் ஒருவருக்குள் வேறு ஆட்கள் பிரிந்து நிற்பதைப் புத்தகத்தில்தான் படித்திருந்தாள். இவளோ கேள்வி இறுகும்போதெல்லாம் குழந்தையாகிவிடுகிறாள்.

வெளியே பெஞ்சில் விஜயஸ்ரீயின் சித்தப்பா அம்பலவாணன். அவளுடைய சின்ன வயதில் தகப்பன் இறந்ததிலிருந்து தாயும் மகளும் அவர் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாத்தாம்மா இவளுக்கு ஏழு வயசாவுது. நடிக்கான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, டாக்டர் இவள வீட்டுக்கு அனுப்பிருவாரு.”

அந்த வார்த்தை ஆபிதாவின் நாக்கு நுனியில் இருந்தது. கடைசியாக ஒருமுறை சோதிக்க நினைத்தாள். அவரை மருந்து வாங்க முருகன்குறிச்சிக்கு அனுப்பிவிட்டு, கேட்கக்கூடாததை எல்லாம் கேட்டாள். விஜயஸ்ரீ அழுதாள், கோபப்பட்டாள். குட்டி வரவில்லை.

பிறகு கல்யாணச் சேலையின் நிறம் பற்றிச் சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள். வெளி நடையில் ஒரு கனைப்பு. பெண்கள் இருக்கும் பக்கம் வருகிற ஆண்கள் கனைப்பது வழக்கம்தான். அம்பலவாணன் முந்தைய நாட்களிலும் அப்படித்தான் கனைத்துக்கொண்டு நடந்தார். ஆபிதாதான் காதில் வாங்கவில்லை.

நாற்காலி காலியாக இருந்தது.

“கதவப் பூட்டு யக்கா. வருதாவ.”

ஆபிதா தாழ்ப்பாளைப் போட்டாள். கதவுக்கு இந்தப்பக்கம் நின்றே சொன்னாள்: “நடிக்கல அண்ணாச்சி. இங்கனயே இருக்கட்டும். நாளைக்கு அவ அம்மாவ வரச்சொல்லுங்க.”

“ஏன், நான் வந்தா என்னவாம்?”

ஆபிதா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் மறுபடி கனைத்தார்.

அன்று மாலையே டாக்டர் பெண்கள் வார்டில் ஒரு கட்டில் ஒதுக்கினார். பார்க்க ஆண்கள் வரக்கூடாது என்று வாசலில் சொல்லிவைத்தார்கள். மறுநாள் காலை அம்மா அன்னத்தாய் இட்லி கொண்டுவந்தாள். மகளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். விஜயஸ்ரீ இரண்டு சாப்பிட்டாள். மத்தியானம் அம்பலவாணன் வந்தார், காவலாளி விடவில்லை. எதிர்க்கடையில் சோடா குடித்துவிட்டுப் பஸ் ஏறினார். அன்னத்தாய் அந்தப் பஸ்ஸில் போகவில்லை.