போதும் என்று சொல்பவள்

அந்தத் தெருவில் அவளை மெக்கானிக் வீட்டம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். நூல் அதிகம் இறுகினால் துணி சுருங்கும், தளர்ந்தால் தையல் பல்லிளிக்கும். இரண்டையும் விரலாலேயே கண்டுபிடிப்பாள். கல்யாணமான புதிதில் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு மத்தியானம், "கொஞ்சம் இதைப் பிடி" என்று கணவன் ஒரு ஸ்பானரை நீட்டினான். பிடித்தாள். அதன்பிறகு விடவே இல்லை.

லாரி எஞ்சினில் சில இடங்களுக்கு இரண்டு ஸ்பானர் வேண்டும். ஆயில் கூலர் அப்படி ஓர் இடம். சூடேறிய ஆயிலை ஆற்றி அனுப்புகிற அலுமினியப் பெட்டி அது. பெட்டியின் வாயில் ஓர் இணைப்பு திருகியிருக்கும். அதன்மேல் ஹோஸின் நட்டு ஏறும். நட்டை முறுக்கும்போது உள்ளேயிருக்கிற இணைப்பும் கூடவே சுழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சந்து சிறியது, ஒரே ஆளின் இரண்டு கையும் அங்கே போகாது. கணவன் வண்டிக்கு அடியில் படுத்து முறுக்குவான். அவள் மேலேயிருந்து குனிந்து பிடிப்பாள். முறுக்கு ஏற ஏற அவள் கையில் பாரம் தெரியும். ஒரு கட்டத்தில் "போதும்" என்பாள். அவன் நிறுத்துவான். மற்ற எதற்கு மல்லுக்கு நின்றாலும் அந்த ஒரு சொல்லுக்கு அவன் எதிர்ப்பேச்சு பேசியதில்லை.

சண்டை ஒரு புது வாடிக்கைக்காரர் முன்னால் வந்தது. "வீட்டம்மாவும் வேலை செய்வாங்களா?" என்று அவர் வியந்து கேட்டார். இவன் சிரித்துக்கொண்டே, "வேலையா? சும்மா லைட்டு பிடிப்பா சார்" என்றான். அவள் ஸ்பானரைத் துடைத்து அதன் ஆணியில் மாட்டினாள். வீட்டுக்குப் போனாள். மறுநாள் பட்டறைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வீடு பட்டறைக்குப் பின்னால்தான். அவன் தனக்குத்தானே முணுமுணுப்பதும், ஸ்பானர் நழுவித் தரையில் விழுவதும் சமையலறையில் கேட்டன. வேளாவேளைக்குச் சோறு போட்டாள். வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரம்தான் ஹாரனுடைய லாரிக்கு கூலர் ஹோஸ் மாற்ற வேண்டியிருந்தது. ஹாரன் என்பது அந்த டிரைவருக்கு அவருடைய குரல் வாங்கித் தந்த பெயர். கணவன் தனியாகவே மாற்றினான். ஒழுகியது. இறுக்கினான். மறுபடி ஒழுகியது. இன்னும் இறுக்கினான். அடுத்த முறை ஹாரன் பட்டறையோடு நிற்கவில்லை. பின்வாசலுக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி! உன் வீட்டுக்காரன் இறுக்குறான், இறுக்குறான், வண்டி சூடானா திரும்பவும் ஒழுகுது. ரோட்டுல பின்னாடி வர்றவன் கண்ணாடியெல்லாம் ஆயில். ஹாரன் அடிச்சுத் திட்டுறான். என்னையே ஹாரன் அடிக்கிறானுங்கம்மா!"

"அவர்கிட்ட சொல்லுங்கண்ணே."

"சொன்னேனே. இன்னும் கொஞ்சம் முறுக்கினா சரியாயிடும்கிறான். நாளைக்கு மலை ஏறணும் நான். வழியில ஆயில் காலியாச்சுன்னா எஞ்சின் மொத்தமா இறுகி நின்னுடும். ஒண்ணு நீ வந்து பாரு, இல்லேன்னா நான் வேற பட்டறை பாத்துக்கறேன். கோச்சுக்காதே."

அவர் போனால் கூடவே நாலு லாரிகள் போகும். ஆனால் அவளை உறுத்தியது 'இன்னும் கொஞ்சம்' என்ற சொல். அலுமினியம் இரும்பு இல்லை. இன்னும் கொஞ்சம் என்கிற இடத்தில்தான் பெட்டியின் வாய் விரிசல் விடும். விட்டால் கூலரையே தூக்கிப் போட வேண்டியதுதான். தன் ரோஷம் பெரிதா, பட்டறை பெரிதா என்று அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். இரண்டும் தன்னுடையவைதானே என்று தோன்றியது. அடுப்பை அணைத்தாள். கண்ணாடி அருகிலிருந்த முகப்பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

லாரிக்கு அடியில் கணவனின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"யாருண்ணே வந்திருக்கறது?" என்றது அடியிலிருந்து குரல்.

"லைட்டு பிடிக்கறவ வந்திருக்கான்னு சொல்லுங்கண்ணே."

"என்னை ஏம்மா நடுவுல தபால்காரன் ஆக்கறீங்க?" என்றார் ஹாரன்.

"முறுக்கறதை நிறுத்தச் சொல்லுங்க. முதல்ல எங்க ஒழுகுதுன்னு பாக்கணும்."

கூலரைச் சுற்றி டீசல் விட்டுக் கழுவினாள். ஈரம் போகத் துடைத்தாள். டார்ச்சை ஹாரன் கையில் திணித்துவிட்டு, நட்டின்மேலும் இணைப்பைச் சுற்றியும் பவுடரைத் தூவினாள்.

"எஞ்சினுக்கு மேக்கப்பா? போட்டோ எடுக்கப் போறோமா?"

"ஆடாம பிடிங்கண்ணே."

எஞ்சின் ஓடிச் சூடேறியது. வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு மெல்ல எழுந்தது. நட்டில் இல்லை. அதற்குப் பின்னால், இணைப்பு பெட்டிக்குள் இறங்குகிற அடிவாயில். அங்கே கசிந்த ஆயில்தான் நட்டின்மேல் வழிந்து, நட்டிலிருந்து சொட்டியிருக்கிறது. குற்றமில்லாத நட்டை அவன் திரும்பத் திரும்ப இறுக்கியிருக்கிறான். பிடிக்க ஆளில்லாததால் ஒவ்வொரு முறையும் இணைப்பும் சேர்ந்து சுழன்றிருக்கிறது.

கணவன் வெளியே வந்து பார்த்தான். எஞ்சின் ஆறியதும் இணைப்பைக் கழற்றினார்கள். அடிவாயில் ஆயில் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம் அறுந்து தொங்கியது. அவள் பெட்டியின் வாயைத் துடைத்து, நகத்தை விளிம்போடு மெதுவாக ஓட்டினாள். விரிசல் இருந்தால் நகம் தட்டும். ஹாரன் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"தட்டலை," என்றாள் அவள், கணவனைப் பார்த்து. "தப்பிச்சோம்."

புது வளையத்தில் ஆயில் தடவி, இணைப்பைத் திருகிப் பூட்டி, ஹோஸை மாட்டினார்கள். அவன் அடியில் படுத்தான். அவள் குனிந்து பிடித்தாள். பாரம் ஏறியது. பாதியில் அவன் கை தானாகவே நின்றது.

"போதுமா?"

இதுவரை அவன் அப்படிக் கேட்டதே இல்லை. சொல்வது எப்போதும் அவள்தான். முறுக்க இன்னும் இடமிருப்பது அவள் கையில் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம்," என்றாள். பிறகு, "போதும்."

ஆயில் அளவைப் பார்த்து ஊற்றி, மறுபடி பவுடர் தூவி, எஞ்சினை ஓட்டினார்கள். சூடேறியும் பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

"அப்பாடா! இந்தத் தடவை யாரு வேலைப்பா இது?" என்றார் ஹாரன்.

கணவன் கையைத் துடைத்தபடி, "முறுக்கினது நான். நிறுத்தினது அவ," என்றான்.

"லைட்டு பிடிச்சது?" என்றாள் அவள்.

"நான்தாம்மா! கை கடுத்துப் போச்சு," என்றார் ஹாரன்.

மலையிலிருந்து இறங்கி வந்த ஹாரன், போன தடவைப் பழக்கத்தில் நேராகப் பின்வாசலுக்குப் போய் "தங்கச்சி!" என்று கத்தினார். கதவில் பூட்டு தொங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒரு லாரியின் மேலிருந்து, "போதும்" என்று அவள் குரல் கேட்டது.