தீ மூட்டக்கூடாத மாளிகை

அந்த வீட்டை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஹனோவருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே, செங்கல்லில் எழும்பி நின்றது. எவனோ ஒரு பிரபு இங்கிலாந்துக்குப் போய், அங்கே பார்த்த நாட்டுப்புற மாளிகை ஒன்றை அப்படியே இங்கே கட்டுவித்தானாம். இந்தக் குளிருக்கு ஆளுயர யன்னல்கள். வேலைக்காரர் விருந்தினர் கண்ணில் படக்கூடாதென்று சுவருக்குள் ஒரு ஒடுங்கிய படிக்கட்டு. இதையெல்லாம் வீட்டுப் பொறுப்பாளர் பெருமையாகச் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆனாலும் மகளின் கலியாணத்துக்கு அதைத்தான் வாடகைக்குப் பிடித்தேன். லண்டனில் என் தங்கை இப்படியொரு மாளிகையில் மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அந்தக் கலியாண டிவிடியை ஜெர்மனி முழுவதும் அனுப்பியிருந்தாள். ஒப்பந்தத்தில் ‘உள்ளே தீ மூட்டக்கூடாது’ என்று இருந்தது. வாசித்தேன். அன்றைக்குக் கதைத்துச் சமாளிக்கலாம் என்று கையெழுத்து வைத்தேன்.

கலியாணத்தன்று வெளியே மழை. ஓமகுண்டத்தைக் கண்டதும் பொறுப்பாளர் மண்டப வாசலிலேயே ஐயரை மறித்தார். கூரையின் சுண்ணச் சிற்பங்களில் புகை படக்கூடாதாம். கெஞ்சினேன், கத்தினேன். மனுசன் அசையவில்லை. வேண்டுமானால் நிலவறையில் முன்பு சமையல் செய்த பழைய குசினி இருக்கிறது, கல் தரை, புகைபோக்கியும் வேலை செய்யும், வேலைக்காரர் படியால் இறங்கிப் போங்கள் என்றார்.

“என்ர பிள்ளைக்குக் குசினிக்குள்ளயோ தாலி?” என்று நான் குதித்தேன்.

“அக்கினி இல்லாமல் ஏலாது. நேரமும் போகுது, கெதியாச் சொல்லுங்கோ,” என்றார் ஐயர்.

சத்தம் கேட்டு மகள் கூறைச்சேலையோடு வந்துவிட்டாள்.

“அப்பா, இது உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“ஓம்.”

“லண்டன் மாமிக்குக் காட்டத்தானே இந்த வீட்டைப் பிடிச்சனீங்கள்?”

அவள் ஐயரிடம் திரும்பி, “வாங்கோ ஐயா, கீழ போவம்,” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அங்க இடம் காணாது. தாரை வார்க்கேக்க கூப்பிடுறன். அதுவரைக்கும் நீங்கள் உங்கட மண்டபத்தில இருங்கோ.”

எல்லாரும் கீழே போய்விட்டார்கள். வெறும் கதிரைகளுக்கு நடுவே உட்கார்ந்து அந்தக் கூரையைப் பார்த்தேன். இடிந்து விழட்டும் என்று மனதாரச் சபித்தேன்.

கூப்பிட வந்தது அந்த லண்டன் தங்கை. “அண்ணை, வாங்கோ. பிள்ளை தேடுறாள்,” என்று கையைப் பிடித்தாள். முகத்தில் அவ்வளவு இரக்கம். அவள் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.