கறுப்புக் கட்டையில் தொடங்கும் பாட்டு

எழுபத்திரண்டாம் வயதில் பிரிட்ஸ் மண்டாகி பியானோ கற்கப் போனபோது இந்தோனேசியாவின் தொமோஹோன் ஊரே சிரித்தது.

"கிராம்பு பறிச்ச கை தாத்தா, கட்டையைப் பறிச்சிடாதீங்க!" என்றாள் ஆசிரியை மெய்ஸ்கே.

"பறிச்சா கூலி குடுப்பியா?" என்றார் அவர்.

விரல் பயிற்சியில் மூட்டுகள் இளகின. மறதி விலகியது. நாற்பது வருடத்துக்கு முந்தைய மழைகூடப் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. ஆனால், அதற்காகவா போனார் அந்த மனிதர்? தேவாலயத்தில் ஆயுள் முழுக்கப் பியானோ வாசித்த அவர் மனைவி ஆல்ட்யே, கட்டிய கணவனையே மறந்து படுக்கையில் கிடந்தாள். அவள் வாய் திறந்து அப்போதே மூன்று மாதமாகியிருந்தது. கல்யாணத்தன்று அவளே வாசித்த துதிப்பாட்டைக் கேட்டால் ஒரே ஒரு முறையாவது தன்னை அடையாளம் காண்பாள் என்று நம்பினார்.

அவர்களுடைய பாட்டுப் புத்தகத்தில் சுரமெல்லாம் எண்கள்தான். பாடகர் குழுவில் அந்த எண்களைப் பார்த்தே பாடி வளர்ந்தவர் அவர். ஆசிரியைக்கும் சொல்லாமல், வீட்டுப் பியானோவின் வெள்ளைக் கட்டைகளில் ஒன்று முதல் ஏழு வரை சீட்டு ஒட்டி, ஆல்ட்யே தூங்கும் நேரமாகப் பார்த்து எட்டு மாதம் பழகினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பூசணிக் கஞ்சி ஊட்டி, தலையணையில் சாய்த்துவிட்டு வாசித்தார். ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

ஆல்ட்யேயின் புருவம் நெளிந்தது. உதடு அசைந்தது.

"யாருப்பா நீ? இந்தப் பாட்டு கறுப்புக் கட்டையிலதானே ஆரம்பிக்கணும்? மேலேயே போட்டிருக்கே, பாக்கலையா?"

அவர் குனிந்து பார்த்தார். ஒன்று எந்தக் கட்டையில் தொடங்க வேண்டும் என்று பக்கத்தின் தலையில் பொடி எழுத்தில் இருந்தது. குழுவில் பாடியவர்கள் யாரும் அதைப் படித்ததே இல்லை. ஆல்ட்யே சுருதி கொடுப்பாள், அவர்கள் பாடுவார்கள்.

"நான்தாம்மா... பிரிட்ஸ்."

"பிரிட்ஸா? அவரு பியானோவைத் தொடவே மாட்டாரு. தோட்டத்துக்குப் போயிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போயிடுப்பா."

சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் நடந்ததைக் கேட்ட மெய்ஸ்கே அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "கறுப்புக் கட்டையில ஆரம்பிச்சா விரல் வரிசையே மாறுது தாத்தா. புதுசாப் பழக அஞ்சாறு மாசம் ஆகும்."

டாக்டர் ஆல்ட்யேவுக்குச் சொன்ன கெடு இரண்டு மாதம்.

வீடு திரும்பி, ஏழு சீட்டுகளையும் நகத்தால் சுரண்டி எடுத்தார். பியானோ கூர்தீட்டித் தந்த நினைவு, அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறக்கவிடவில்லை. ஒன்றாம் எண்ணை மட்டும் கறுப்புக் கட்டையில் ஒட்டினார். அகலம் போதாமல் சீட்டு வெளியே தொங்கியது. அந்தக் கட்டையை அழுத்தினார்.

உள்ளறையில் கிடந்த ஆல்ட்யே இந்த முறை திருத்தவில்லை.